யானை நின்ற தெரு

அந்தக் குழந்தை தவழ ஆரம்பித்த நாளிலிருந்து லிங்கக்கனிதான் அதை வளர்த்து வந்தாள். ஆனால் ஒரு தடவைகூட அவள் கை அதன்மேல் பட்டதில்லை. பட்டதெல்லாம் பொம்மையின் கைதான்.

வேலிக்கு உள்ளே இருந்த குளிர்ந்த நகரத்துக்குள் வெளியாட்கள் போகக் கூடாது. அவர்களுடைய உழைப்பு மட்டும் போகலாம். அதற்காகக் கம்பெனி வேலியை ஒட்டி இந்தப் பக்கம் நீளமான தகரக் கொட்டகைகள் போட்டிருந்தது. அங்கே வரிசையாக நாற்காலிகள். உட்கார்ந்து கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டால், உள்ளே ஏதோ ஒரு வீட்டில் நிற்கும் பொம்மைக்கு உயிர் வரும். இங்கே கையை நீட்டினால் அங்கே அது கையை நீட்டும். இங்கே பேசினால் அங்கே அது பேசும், ஆனால் கம்பெனி கொடுத்த குரலில்.

கண்ணாடியில் எல்லாமே தெரியாது. வேலைக்கு எது வேண்டுமோ அது மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது கம்பெனியின் விதி. லிங்கக்கனிக்குக் குழந்தை தெரியும். பால் பாத்திரம் தெரியும், துணிகள் தெரியும், தரையில் கிடக்கும் சோற்றுப் பருக்கைகூடத் தெரியும். சுவரில் மாட்டிய படங்கள் வெறும் வெள்ளைச் சதுரங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது. குழந்தையின் அப்பாவும் அம்மாவும் இரண்டு சாம்பல் நிற உருவங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டதை வைத்துத்தான் அவர் நந்தகோபால், அந்த அம்மா சுபத்ரா என்று தெரிந்துகொண்டாள். குழந்தையின் பெயர் தாரகை. தாரு என்று கூப்பிடுவார்கள். தாருவுக்கு அவள் பொம்மக்கா.

முதலில் கொஞ்ச காலம் லிங்கக்கனிக்கு எதுவுமே பிடிபடவில்லை. கண்ணுக்கு எதிரே ஏ.சி. காற்றில் திரைச்சீலை ஆடும். முதுகில் வியர்வை வழியும். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் உள்வீட்டுக் கதவு இருக்கிற பக்கமாக நடந்து தகரத்தில் முட்டிக்கொள்வாள். தன் வீட்டில் சாப்பிடும்போது யாரோ இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றி, குனிந்து பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். அவளுக்கும் சேர்மராஜுக்கும் குழந்தை இல்லை.

உள்ளே இருப்பவர்கள் ராஜா மாதிரி வாழ்கிறார்கள் என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். லிங்கக்கனியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் பெருக்கிக்கொண்டே போனபோது, முந்தின நாள் வரை அறை இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வழி தப்பிவிட்டோமோ என்று திரும்பித் திரும்பி நடந்து பார்த்தாள். சுபத்ராதான் சொன்னாள். அந்த நகரத்தில் வீட்டுச் சுவர்கள் நகரக்கூடியவை. வேலையில் மதிப்பு குறைந்தால் ஓர் அறையை அடைத்து அடுத்த வீட்டோடு சேர்த்துவிடுவார்கள். ஏறினால் திரும்பத் தருவார்கள். அப்படி மதிப்பு ஏறிய ஒரு வீட்டையும் தான் பார்த்ததில்லை என்றாள். அதற்கப்புறம் இன்னோர் அறையும் போனது. சாம்பல் உருவமாக சுபத்ரா அடுப்படியில் நின்றுகொண்டே, தாரு மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிடுவதை லிங்கக்கனி பலமுறை பார்த்திருக்கிறாள்.

நந்தகோபால் பகல் முழுவதும் ஒரு சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது.

இதே சமயத்தில்தான் யானை வந்தது.

உள் நகரம் பெரிதாகப் பெரிதாக வேலி வெளிப்பக்கம் நகரும். அதற்கு இடம் வேண்டும். இடத்தைச் சுத்தம் செய்ய ஒற்றைக் கையுடைய பெரிய இயந்திரம் ஒன்றை அனுப்பினார்கள். நிறமும் நடையும் யானை மாதிரி இருந்ததால் தெருவில் அதற்கு அந்தப் பெயர் வந்தது. உள்ளே ஓட்டுநர் கிடையாது. அதுவாகவே ஓடுகிறது என்று நினைத்தார்கள். கல்லெறிந்தார்கள், குறுக்கே உட்கார்ந்தார்கள், கும்பிட்டும் பார்த்தார்கள். ஆட்கள் இருந்தால் சுற்றிக்கொண்டு போய் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. உப்பளத்துக்குப் போகும் பாதையில் இருந்த வீடுகளெல்லாம் போயின. அடுத்தது லிங்கக்கனியின் தெரு.

ஒரு நாள் காலையில் தாரு குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியைப் புடைத்துக்கொண்டது. பயந்துபோன லிங்கக்கனி, சார், சார் என்று கூப்பிட்டாள். நந்தகோபால் எழுந்து வந்து குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அழுகை நிற்கும்வரை நடந்துகொண்டிருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சேர்மராஜ் ஒரு விஷயம் சொன்னான். அவன் தண்ணீர் லாரியில் குழாய் பிடிக்கிறவன், தெருவில் நடப்பதெல்லாம் அவன் கண்ணில் படும். காலையில், தெருவின் முதல் வீடான பிச்சம்மாளின் வீட்டுக்கு மேல் கையைத் தூக்கிய யானை, தூக்கியபடியே வெகுநேரம் நின்றதாம். பிச்சம்மாளும், பிள்ளை பெற்று வந்திருந்த அவள் மகளும் சாமான்களை எல்லாம் வெளியே எடுக்கும்வரை நின்றதாம். அப்புறம்தான் கை இறங்கியதாம்.

லிங்கக்கனி அதைக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துத் தாரு வாந்தியெடுத்து அவள் திரும்பவும் சாரைக் கூப்பிட்டபோது, கொட்டகைக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த யானையின் உறுமல் சட்டென்று அடங்கியது. அவர் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் உறுமல் மறுபடியும் ஆரம்பித்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் வேண்டுமென்றே, பாப்பா சாப்பிட மாட்டேங்குது சார் என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்தார். வெளியே உறுமல் நின்றது.

வீட்டுக்கு வந்து சேர்மராஜிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை.

"அவரு அங்கன கதவ பூட்டிக்கிட்டு செய்யுத வேலை இதுதாம்ங்க. அவரு எந்திரிச்சா யானை நிக்குது. உக்காந்தா நடக்குது" என்றாள் லிங்கக்கனி.

"அப்போ அந்தாளு நம்ம வீட்டயெல்லாம் இடிச்சிட்டு வந்துதான் புள்ளைக்கு முத்தங் குடுக்கானா?"

சாப்பாட்டுக்குப் பிறகு தாருவின் வாயைத் துடைத்துவிடும் சாம்பல் நிறக் கையை நினைத்தாள். அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்று என்பது எவ்வளவு யோசித்தும் அவள் மனதில் ஒட்டவில்லை.

சேதி தெருவுக்குள் பரவியது. வீடு போன பிச்சம்மாள், மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு லிங்கக்கனியின் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தாள். நீ கூப்பிட்டால் நிற்கும், நீ கூப்பிட்டுக்கொண்டே இரு என்று அவளும் மற்றவர்களும் சொன்னார்கள். லிங்கக்கனியும் கூப்பிட்டாள். பொம்மையின் கால் சிக்கிக்கொண்டது என்றாள், பால் திரிந்துவிட்டது என்றாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் கிடைக்கும். யாராவது கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொள்வார்கள், யாராவது கதவைப் பெயர்த்து எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நந்தகோபால் அலுத்துப்போனார். இனிமேல் சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிட வேண்டாம், அடிக்கடி எழுந்தால் தனக்கு மதிப்பு குறைகிறது, நீயே பார்த்துக்கொள் அம்மா என்று தன்மையாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் அவள் எதற்குக் கூப்பிட்டாலும் உள்ளேயிருந்தே பதில் சொன்னார்.

குழந்தை வீறிட்டு அழுதால் மட்டும் வந்தார்.

யானை லிங்கக்கனியின் வீட்டுக்கு வந்த அன்று காற்றே இல்லை. கொட்டகைக்குள் தகரம் அனலாய்க் கொதித்தது. கையைத் தூக்கும்போது யானையின் உறுமல் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும். அது ஏறிக்கொண்டே வந்தது. வீட்டில் பிச்சம்மாளின் மகள் கைக்குழந்தையோடு இருப்பாள். வெளியே போங்கள் என்று சேர்மராஜ் சொல்லியிருப்பான், போயிருப்பார்கள். போயிருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றுமே நிச்சயமில்லை. அவள் முன்னால் தாரு தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவை வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சார் என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டாள்.

பிறகு குழந்தையின் மேல்கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

கையுறையில் அழுத்தம் சரியாகத் தெரியாது. எவ்வளவு வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தாரு வாயைத் திறந்து, சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு கணம் அவளையே பார்த்தது. அப்புறம் வீறிட்டது. கதவு திறந்து சாம்பல் உருவம் ஓடி வந்தது. வெளியே உறுமல் அடங்கியது.

தாரு அடிக்கடி அப்பாவைக் கேட்டு அழுததால் அந்த வாரம் முழுவதும் யானை சரியாக வேலை செய்யவில்லை. லிங்கக்கனியின் வீட்டின் ஒரு சுவர் போனது, மற்றது தப்பியது. தெருவில் அவளைக் கொண்டாடினார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, கூப்பிட்டேன், வந்தார் என்று மட்டும் சொன்னாள். சேர்மராஜிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"புள்ளையவா?" என்று கேட்டான் அவன். பிறகு, "வேற என்ன செய்யன்னு எனக்கும் தெரியல கனி" என்றான்.

தாருவின் மேல்கை கன்றிப்போயிருந்தது. தாரு பொம்மையைக் கண்டு ஒளியும் என்று லிங்கக்கனி நினைத்திருந்தாள். அது நேராக அவளிடம் வந்து கையை நீட்டி, "பொம்மக்கா, இங்க ஊதி விடு" என்றது. பொம்மைக்கு மூச்சு கிடையாது. அவள் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு வெறும் காற்றில் ஊதினாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் கண்ணாடியை மாட்டியபோது வீட்டில் ஒரே ஓர் அறைதான் இருந்தது. இரண்டு உருவங்களும் துணிகளை மடித்துப் பைகளில் வைத்துக்கொண்டிருந்தன. நந்தகோபாலின் வேலை போய்விட்டது, வேலை போனவர்கள் உள்ளே இருக்க முடியாது என்று சுபத்ரா பொம்மையிடம் சொன்னாள். மனிதர்களிடம் சொல்வதுபோல் நின்று நிதானமாகச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் இருந்து இதை யாரு ஓட்டுறீங்கன்னு தெரியாதும்மா. ஆனா பாப்பாவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க. அழுதா உடனே எங்களைக் கூப்பிட்டீங்க. வேற வீட்டுல அதுகூட செய்ய மாட்டாங்களாம்."

லிங்கக்கனி பொம்மையின் கையை நீட்டி ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

வெளியேற்றப்படுகிறவர்களை வேலியின் கதவுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். அங்கிருந்து எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் லாரிக்கு நின்ற கூட்டத்தில் லிங்கக்கனி தாருவைப் பார்த்தாள். முதலில் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டோம் என்று நினைத்து முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை ஒருத்தியின் தோளில் சாய்ந்திருந்தது. அந்தப் பெண் ஒல்லியாக, கால் வீங்கி நின்றாள். பக்கத்தில் நெட்டையான ஒரு ஆள், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, கையில் பாத்திரம்கூட இல்லாமல் வரிசையில் நின்றார். இவர்களை அவள் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தாள். சதைப்பற்றோடு, பளபளப்பாக.

அவளும் சேர்மராஜும் அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை, தங்க இடமில்லாதவர்கள் என்று மட்டும் பிச்சம்மாளிடம் சொன்னார்கள். வெயிலில் தாரு துவண்டிருந்தது. லிங்கக்கனி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். இவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை, இவ்வளவு சூடு இருக்கும் என்றும் நினைக்கவில்லை. கழுத்தில் பால் மணம் அடித்தது. குழந்தை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. உடனே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"பொம்மக்காட்ட போணும்" என்று அழுதது. "பொம்மக்காட்ட கூட்டிட்டுப் போ."

அங்கே வேலைக்கு இருந்த பொம்மையைக் கேட்கிறது, ரொம்பப் பழகிவிட்டது என்று சுபத்ரா மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். லிங்கக்கனி வெறும் கையோடு நின்றாள்.

நந்தகோபால் தண்ணீரைக் குடித்துவிட்டு, இடிந்த சுவர் வழியாக வெளியே பார்த்தார். தெருமுனையில் யானை கையை மடக்கி நின்றிருந்தது. அதை ஓட்ட இன்னும் வேறு ஆள் வரவில்லை. அது என்ன வண்டி என்று கேட்டார். சேர்மராஜ் சொன்னான். எந்தெந்த வீடுகள், யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"எனக்குக் கட்டம்தாங்க தெரியும்" என்றார் கடைசியில். "சாம்பல் கலர்ல கட்டம் கட்டமா இருக்கும். பழைய குடோன், ஆளே கிடையாதுன்னு சொன்னாங்க. சில நேரம் வண்டி தானாச் சுத்திக்கிட்டுப் போகும். ஏன்னு கேட்டா, தடங்கல்னு வரும். கல்லோ மரமோன்னு நினைச்சேன்."

"ஆளுவ" என்றான் சேர்மராஜ். எழுந்து வெளியே போனான். அடிக்கத்தான் எழுந்தான். ஆனால் அவர் மடியில் தாரு ஏறி உட்கார்ந்திருந்தது.

சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் லிங்கக்கனியால் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தப் பொம்மை நாந்தான் சார்" என்றாள். "ஒங்கள எந்திரிக்க வைக்கத்தான் கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க வரலைன்னதும் பாப்பாவக் கிள்ளுனதும் நாந்தான். அதுனாலதான் ஒங்களுக்கு வேலை போச்சு."

நந்தகோபால் குழந்தையின் சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தார். கன்றிய இடம் மஞ்சளாகியிருந்தது. பொம்மையில் ஏதோ கோளாறு என்றுதான் அவர் நினைத்திருந்தார். சுபத்ரா லிங்கக்கனியைப் பார்த்தாள், சுவர் போன பக்கத்தைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள். கோபப்பட வேண்டியது யார், மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று அந்த வீட்டில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிச்சம்மாள் உள்ளே வந்து, சோறு ஆறிப்போகிறது என்றாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

வேறு போக்கிடம் இல்லாததால் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். தாரு லிங்கக்கனியிடம் வரவே இல்லை. சேர்மராஜிடம் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் கொட்டகையின் மேற்பார்வையாளர் ஞானதுரை லிங்கக்கனிக்கு ஆள் அனுப்பினார். அவள் வேலை செய்த வீடு மூடப்பட்டதால் அவளுக்கு அப்போது வேலை இல்லை. உள்ளே இருப்பவர்களை வைத்து யானைகளை ஓட்டுவது கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை, இனிமேல் வெளியாட்களே ஓட்டலாம் என்று முடிவாகியிருக்கிறது, குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொண்டதாக அந்த வீட்டிலிருந்து அவளுக்கு நல்ல மதிப்பு வந்திருக்கிறது, அதனால் முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றால் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பதாகவும் சொன்னார்.

பிச்சம்மாளுக்குச் சந்தோஷம். நீ ஓட்டினால் நம் தெருவை விட்டுவிடுவாய் அல்லவா என்றாள். அப்படி நடக்காது என்று நந்தகோபால் விளக்கினார். எந்த ஊர் யானை யார் கைக்கு வரும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இந்தத் தெருமுனையில் நிற்பதை வேறு எங்கேயோ இருக்கிற ஒருத்தி ஓட்டுவாள். லிங்கக்கனி ஓட்டுவது வேறு யாருடைய தெருவிலோ நிற்கும். தெருவில் சிலர் போகாதே என்றார்கள். போகாவிட்டால் மட்டும் என்ன, இன்னொருத்தி போவாள் என்றார்கள் சிலர். இரண்டும் சரியாகத்தான் பட்டது அவளுக்கு. சேர்மராஜின் சம்பளத்தில் இப்போது எட்டு வாய்.

போவதற்கு முன் அவள் நந்தகோபாலிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கட்டத்துக்குள்ள ஆள் இருக்கான்னு எப்படி சார் பாக்கது?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "நான் ஒரு நாளும் பார்க்கணும்னு நினைக்கல."

கொட்டகையில் அதே மாதிரி நாற்காலி, அதே மாதிரி கண்ணாடி. மாட்டியதும் வெளிச்சமே இல்லாத ஒரு வெளி தெரிந்தது. அதில் வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். வானம் இல்லை, தரை இல்லை, கொடியில் துணி இல்லை. காதுக்குள் ஞானதுரையின் குரல், இடது பக்கத்தில் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது.

அவள் கையைத் தூக்கினாள். எங்கேயோ ஒரு பெரிய கை எழுந்தது. முதல் கட்டத்துக்கு மேல் கொண்டுபோனாள். பிறகு மேலேயிருந்து கீழே இறக்காமல், கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி, விரல் நுனி அளவுக்கு, முடிந்தவரை மெதுவாக அந்தக் கட்டத்தைத் தட்டினாள். யாருடைய வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல். தட்டிவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றாள்.

ஏன் நிற்கிறாய் என்று ஞானதுரை கேட்டார்.

"யாராவது வாராங்களான்னு பாக்கேன்."

"திரையில யாரும் இல்லையேம்மா."

"திரையில வர மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் தட்டினாள்.